எங்கேயோ எழுதியிருக்குல்ல, அப்பா?

காருக்குள் எழுந்து நிற்க முயன்று கல்மன் லிப்கின் இதுவரை ஆறு முறை தலையை இடித்துக்கொண்டிருக்கிறார். அப்பாவிடமிருந்து போன் வரும். முதல் மணி அடித்ததுமே கால் இரண்டும் தாமாக நிமிரும். மேலே கூரை இருப்பது அப்புறம்தான் ஞாபகத்துக்கு வரும். அப்பா வரும்போது மகன் எழுந்து நிற்க வேண்டும் என்பது எங்கள் யூதச் சட்டம். போனில் வந்தால் அதுவும் வருகைதானா என்று முன்னோர்கள் ஒன்றும் சொல்லிவைக்கவில்லை. அவர்கள் சொல்லாத இடங்களில் கல்மன் எழுந்து நிற்கிற பக்கமாகவே முடிவெடுப்பார்.

அந்த நேரத்தில் காரை ஓட்டுகிறவர் அவர் இல்லை. பக்கத்து இருக்கையில் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்திருப்பார். இந்த வின்னிபெக் நகரத்தில் டிரைவிங் லைசென்ஸ் தேர்வு எடுக்கிற அதிகாரி அவர். வயது ஐம்பத்தெட்டு. போன வருடம் என் மகள் தேர்வுக்குப் போனாள். மெயின் தெருவில் திரும்பும்போது கல்மனுக்குப் போன் வந்தது, தலை 'டங்' என்று மோதியது, ஏதோ விபத்து என்று பயந்து என் மகள் பிரேக்கை மிதித்துவிட்டாள். கல்மன் உச்சந்தலையைத் தடவிக்கொண்டே, "காரணமே இல்லாம பிரேக் போட்டீங்க. அஞ்சு மார்க் போச்சு" என்று எழுதிக்கொண்டார். ஃபெயில். நானும் அவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள், ஜெப ஆலயத்தில் அடுத்தடுத்த வரிசையில் உட்காருகிறவர்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதை மறைத்துவைத்துக்கொண்டு இவரைப் பற்றி எழுதுவது நியாயமில்லை என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குற்றம் கண்டுபிடிப்பது அவருக்கு வேலை மட்டுமில்லை, சுவாசம். ரொட்டிக் கடைக்குப் போனால் விலைப்பலகையில் எழுத்துப்பிழை சொல்வார். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்தால், "உன் ஜன்னல்ல அந்த மூணாவது ஃபிரேம் சாஞ்சிருக்குப்பா" என்பார். போய்ப் பார்த்தால் சாய்ந்துதான் இருக்கும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தனியே கூப்பிட்டு, கல்யாணப் பத்திரத்தில் தேதி ஒரு நாள் தள்ளி இருக்கிறது என்று சொன்னவர். மாப்பிள்ளை அழுதுவிட்டான்.

இந்த மனிதர் குற்றம் சொல்லாத ஒரே ஆள் இந்த உலகத்தில் உண்டு. அவருடைய அப்பா யூடல். எண்பத்து நான்கு வயது, ஓய்வுபெற்ற தையற்காரர்.

அப்பாவின் நாற்காலியில் மகன் உட்காரக் கூடாது. கல்மன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில், யூடல் வருடத்துக்கு நான்கு தடவை வந்து உட்காருகிற நாற்காலி ஒன்று இருக்கிறது. மீதி நாளெல்லாம் அது காலியாகவே கிடக்கும். அப்பாவின் பேரை வாயால் சொல்லக் கூடாது. அது ஊரில் அதிகம் இல்லாத பேராக இருந்துவிட்டால், அதே பேர் உள்ள வேறொருவரையும் கூப்பிடக் கூடாது. எங்கள் தெருவில் குழாய் வேலை செய்கிறவர் பேரும் யூடல்தான். கல்மன் வீட்டுச் சமையலறையில் குழாய் வெடித்து முழங்கால் வரை தண்ணீர் நின்றபோது, அவர் போனில், "அந்தக் குழாய்க்காரர் இருக்காரா? இல்லங்க, பேர் தெரியும், சொல்ல முடியாது" என்று பத்து நிமிடம் மன்றாடினார்.

அப்பா பேச்சை மறுக்கக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதற்கு மேலும் ஒன்று உண்டு. அப்பா எதிரில் இருக்கும்போது, "அப்பா சொல்றது சரி" என்றும் சொல்லக் கூடாது. சரி என்று சொல்ல நீ யார்? இதனால் யூடல் எதையாவது சொல்லிவிட்டு மகனைப் பார்க்கும்போதெல்லாம் கல்மன் கூரையைப் பார்ப்பார். எங்கள் ஆலயத்துக் கூரையில் எத்தனை விரிசல், எது எந்த வருடம் விழுந்தது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

அப்பாவே வேதக் கட்டளையை மீறிவிட்டால் என்ன செய்வது? அதற்கும் வழி சொல்லியிருக்கிறார்கள். "அப்பா, நீங்க தப்புப் பண்றீங்க" என்று சொல்லக் கூடாது. இப்படி ஒன்று எழுதியிருக்கிறதே என்று, தெரியாத மாதிரி கேட்கலாம். விளக்கை ஏற்றவோ அணைக்கவோ கூடாத சனிக்கிழமை ஓய்வுநாளில் யூடல் மறதியாக விளக்கு சுவிட்சுக்குக் கையை நீட்டினால் கல்மன் மெல்ல ஆரம்பிப்பார்.

"அப்பா, ஓய்வுநாள்ல விளக்கைத் தொடுறதைப் பத்தி எங்கேயோ எழுதியிருக்குல்ல?"

"எழுதியிருக்குடா. எங்க எழுதியிருக்குன்னு சொல்லட்டுமா?" என்று யூடல் கையை இழுத்துக்கொண்டு, அத்தியாயம் சொல்லி, விளக்கம் சொல்லி, அரை மணி நேரம் மகனுக்குப் பாடம் எடுப்பார். ரொம்ப சந்தோஷமாக எடுப்பார்.

வீட்டில் இது நன்றாகவே வேலை செய்கிறது. சாலையில்தான் தொல்லை. யூடல் இன்னும் கார் ஓட்டுகிறார். ஒரு செவ்வாய்க்கிழமை நானும் பின்சீட்டில் இருந்தேன். நாற்சந்தி வந்தது. ஊரையே ஃபெயிலாக்குகிற தேர்வதிகாரி, பக்கத்து இருக்கையில் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்பா, சிவப்பு விளக்கு எரிஞ்சா என்ன செய்யணும்னு அந்தச் சட்டப் புஸ்தகத்துல எங்கேயோ எழுதியிருக்குல்ல?" என்று கேட்டார். வாக்கியம் முடிவதற்குள் நாங்கள் இரண்டு தெரு தாண்டிவிட்டோம்.

அம்மா ஷைன்டலுக்கு எண்பத்தொன்று. அவருக்கும் இதே மரியாதைகள் உண்டு, ஆனால் ஒரு படி கீழே. அப்பாவும் அம்மாவும் ஒரே நேரத்தில் தண்ணீர் கேட்டால் அப்பாவுக்குத்தான் முதலில் கொடுக்க வேண்டும், ஏனென்றால் அம்மாவும் அப்பாவை மதிக்கக் கடமைப்பட்டவர் என்று சட்டம். கல்மன் ஐந்து வயதில் இதைப் படித்தார். அன்றிலிருந்து தவறியதில்லை. "அம்பத்து மூணு வருஷமா எனக்கு ரெண்டாவது டம்ளர்தான்" என்று ஷைன்டல் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். "பெத்தது நான். பத்து மாசம் அவரா சுமந்தாரு?"

இதெல்லாம் குடும்பத்துக்குள் நடக்கிற கூத்தாக இருந்தவரை எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் யூடல் எங்கள் ஆலயத்தின் வாசிப்பாளர். நாற்பத்தொரு வருடமாக ஒவ்வொரு ஓய்வுநாள் காலையிலும் மேடையில் நின்று, தோலில் எழுதிய தோரா வேதச் சுருளை ராகத்தோடு வாசிக்கிறவர். சுருளில் வெறும் மெய்யெழுத்துகள்தான் உண்டு. உயிர் ஒலி, ராகம், நிறுத்தம் எல்லாம் வாசிப்பவர் நெஞ்சில் இருக்க வேண்டும். அவருக்குப் பக்கத்தில் ஒருவர் அச்சிட்ட புத்தகத்தோடு நின்று, சொல் தவறினால் சத்தமாகத் திருத்துவார். திருத்தியதும் வாசிப்பவர் திரும்பிப் போய்ச் சரியாக வாசிக்க வேண்டும். தவறு அப்படியே போனால், கேட்டவர்கள் ஒருவருக்கும் வேதம் கேட்கிற கடமை கழியாது.

திருத்துகிற வேலையில் பல வருடம் இருந்த கெட்ஸல், குளிர் தாங்காமல் மகளோடு ஃபீனிக்ஸுக்குப் போய்விட்டார். ஊரிலேயே கூர்மையான கண் யாருக்கு என்று ஆலயக் கமிட்டி யோசித்தது. நானும் அந்தக் கமிட்டியில் இருக்கிறேன். எல்லாரும் ஒரே குரலில் கல்மன் என்றோம். அந்த நிமிடம் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

யூடலின் கண் நிலவரம் என்னைவிட யாருக்கும் தெரியாது. மூன்று வருடம் முன்பு நான்தான் சோதித்துப் புதுக் கண்ணாடி செய்துவைத்தேன். வாங்கிப்போக வரவே இல்லை. இன்னும் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. கேட்டதற்கு, "எனக்கு எழுத்து தெரியணும்னு அவசியமில்ல. எழுத்துக்கு என்னைத் தெரியும்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவருக்கு நான் மகன் கூட இல்லை. வாயை மூடிக்கொண்டதற்கு எனக்கு எந்தச் சாக்கும் கிடையாது.

கல்மன் மேடையேறிய முதல் வாரமே யூடல் இரண்டு இடத்தில் தவறினார். கல்மன் இருமினார். யூடல் இருமலுக்கு நின்றார், நின்றதில் கண் தானாக ஒரு சொல் பின்னால் போயிற்று, சரியாக வாசித்துவிட்டார். கல்மன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கடவுளுக்கும் குறையில்லை, அப்பாவுக்கும் குறையில்லை. அடுத்த வாரமே ஒரு முறையை உண்டாக்கிக்கொண்டார். ஒரு இருமல் என்றால் ஒரு சொல். இரண்டு இருமல் என்றால் வரி முழுவதும். மூக்கைச் சிந்தினால் உயிர் ஒலியில் பிசகு. இந்த முறை அவர் ஒருவருக்கு மட்டுமே தெரியும் என்பதுதான் இதிலிருந்த ஒரே குறை. யூடல் சில சமயம் திரும்பிப் போனார். சில சமயம் போகவில்லை. அப்போது கல்மன் முகம் சிவக்க, கண்ணில் நீர் வழிய இருமுவார்.

பெண்கள் பகுதியிலிருந்து கோழி சூப் வரத் தொடங்கியது. குளிர்காலம் முடிவதற்குள் அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் பதினேழு ஜாடி. ஒரு அம்மாள் தேனும் முள்ளங்கியும் அரைத்துக் கொடுத்தனுப்பினார். கடைசியில் யூடலே பொறுமை இழந்தார். ஒரு ஓய்வுநாள், மேடையை விட்டு இறங்கும்போது எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

"டேய், உன் இருமலால என் வாசிப்பே கெட்டுப்போகுது. இந்தா, இந்த மிட்டாயை வாயில போட்டுக்கோ. இனிமே என் பக்கத்துல நின்னு இருமக் கூடாது. அப்பா சொல்றேன்."

அப்பா சொல்லிவிட்டார். அடுத்த ஓய்வுநாள் கல்மன் புதினா மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு இருமாமல் நின்றார். யூடல் ஐந்து இடத்தில் தவறினார். ஐந்துக்கும் கல்மனின் தோள் மட்டும் துள்ளியது.

வாசிப்பு முடிந்து, கீழ்க்கூடத்தில் ஹெர்ரிங் மீனும் கறுப்பு ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது எங்கள் ஆலயத்துக் குருவான ரபீ கல்மனைச் சுவரோரம் ஒதுக்கினார். ரபீக்கு முப்பத்து நாலு வயது, நல்லவர். நான் பக்கத்தில் ரொட்டி வெட்டுகிற சாக்கில் நின்றுகொண்டேன்.

"கல்மன் சார், இன்னைக்கு வாசிச்சது செல்லாது. எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அடுத்த வாரமும் இப்படியே போச்சுன்னா நான் வேற வாசிப்பாளரைப் போட வேண்டியிருக்கும்."

"ரபீ, அப்பாவுக்கு இது ஒண்ணுதான் மிச்சம். ஞாயித்துக்கிழமையிலிருந்து அடுத்த வாசிப்பைத்தான் முணுமுணுத்துக்கிட்டிருப்பாரு. இதை எடுத்துட்டா அவரு எழுந்திருக்கவே மாட்டாரு."

"அப்போ திருத்துங்க. ஆண்டவனோட வார்த்தைக்கு முன்னால அப்பா எப்படி நிக்க முடியும்?"

"அப்பாவைக் கனம்பண்ணுன்னு சொன்னதும் அந்த ஆண்டவன்தானே? அவரோட வார்த்தையைக் காப்பாத்தணும்னா அவரோட வார்த்தையை மீறணும். நான் எங்க போவேன்?"

மரியாதைக்கு உரியவரே அதை விட்டுக்கொடுத்தால் விட்டுக்கொடுத்ததுதான் என்று ஒரு விதி உண்டு. ரபீ நேராக யூடலிடம் போனார். கூடமே திரும்பிப் பார்த்தது.

"பெரியவரே, வாசிப்புல ஏதாவது தப்பு வந்தா உங்க மகன் சத்தமா திருத்தலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லாயிருக்கும்."

யூடல் முள்கரண்டியில் மீனைத் தூக்கிக்கொண்டு சிரித்தார். "தாராளமா! நான் பண்ணின தப்பையெல்லாம் அவன் சொல்லலாம். நான் ஒரு தப்பாவது பண்ணியிருக்கேனான்னு அவன்கிட்டயே கேளுங்க."

எல்லாரும் கல்மனைப் பார்த்தோம். ஆமாம் என்றால் அப்பாவை மறுத்ததாகும். இல்லை என்றால் பொய், அதோடு அப்பா சொல்வது சரி என்று தீர்ப்புச் சொன்னதாகவும் ஆகும். கல்மன் கூரையைப் பார்த்தார். கீழ்க்கூடத்துக் கூரையில் விரிசல் கிடையாது, புதிதாகப் பூசியது. இருந்தாலும் ரொம்ப நேரம் பார்த்தார்.

அடுத்த ஓய்வுநாளுக்கு வந்த பகுதியைச் சொன்னால் நான் இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள். ஆனால் எந்த வாரம் எந்தப் பகுதி என்கிற அட்டவணையை நான் போடவில்லை. ஒவ்வொருவனும் தன் தாய்க்கும் தகப்பனுக்கும் அஞ்சி நடக்க வேண்டும், என் ஓய்வுநாட்களையும் காக்க வேண்டும் என்கிற வரி அதில் வருகிறது. பெற்றவர்களும் கடவுளும் ஒரே வரியில். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கல்மன் என் கடைக்கு வந்தார். ஜன்னலில் இரண்டு ஃபிரேம் சாய்ந்திருந்தது, அதைக்கூடச் சொல்லவில்லை.

"தன்னையும் அப்பாவையும் ஒரே வரியில வெச்சு ஆண்டவன் என்னை மாட்டிவிட்டுட்டாருப்பா" என்றார். "நாளைக்கு அப்பா ஒரு தப்பும் பண்ணாம இருக்கணும். வேற வழியில்ல."

எனக்கு அவர் மேல் இருந்த கோபம் அன்று முதல்முறையாக எங்கே போயிற்று என்று தெரியவில்லை. டிராயரைத் திறந்து அந்தக் கண்ணாடியை எடுத்துக் காட்டினேன். "கொண்டுபோய்க் குடேன்."

"குடுத்தா, உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு சொன்ன மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் ஆலயம் நிறைந்திருந்தது. விஷயம் பரவியிருந்தது. ஏப்ரல் பனி உருகி, எல்லார் பூட்ஸும் நனைந்து, கூடம் முழுக்க ஈர நாற்றம். யூடல் ஜெபச் சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். நன்றாகத்தான் வாசித்தார். முதல் பத்தி பிசகில்லாமல் போயிற்று. ரபீ கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கல்மன் புத்தகத்தில் விரல் வைத்து நின்றார்.

அந்த வரி வந்தது. பத்துக் கட்டளைகளில் தகப்பன் முதலில் வருவார், தாய் பிறகு. இந்த ஒரு வரியில் மட்டும் தாய் முதலில். கண் கைவிட்டதில், தகப்பனை முதலில் சொல்லியே பழகிய யூடலின் நாக்கு அந்தத் தடத்திலேயே போயிற்று.

"ஒவ்வொருவனும் தன் தகப்பனுக்கும் தாய்க்கும்…"

கல்மனின் தோள் துள்ளியது. வாய் திறந்தது. மூடியது. மிட்டாய் பல்லில் படுகிற சத்தம் கேட்டது. யூடல் அடுத்த சொல்லுக்கு மூச்சு இழுத்தார்.

அப்போது திரைக்கு அந்தப் பக்கம், பெண்கள் பகுதியில், வாசிப்பு நேரம் முழுக்கப் பக்கத்திலிருப்பவர்களோடு பேசிக்கொண்டே இருக்கிறவர், இடது காது கேட்காதவர், நாற்பது வருடமாக ஒரு சொல்லைக்கூடக் கவனித்தறியாதவர் என்று நாங்கள் நினைத்திருந்த ஷைன்டலின் குரல் எழுந்தது.

"யோவ் யூடல்! தாய்தான் முதல்ல! வேதம் முழுக்கத் தேடினாலும் இந்த ஒரு இடத்துலதான் நான் முதல்ல. அதையும் தரமாட்டியா நீ?"

சிரித்தோம். ரபீயும் சிரித்தார். கூடம் அடங்க நேரமாயிற்று. யூடல் சிரிக்கவில்லை. சுருளின் மேல் குனிந்து, மூக்கு தோலில் படுகிற அளவுக்குக் குனிந்து, அந்தச் சொல்லைத் தேடினார். நிமிர்ந்தார். மகன் பக்கம் திரும்பினார்.

"நீ பார்த்தியா?"

கல்மன் கூரையைப் பார்த்தார்.

"மேல என்ன இருக்கு? என்னைப் பாருடா. இன்னைக்கு மட்டுந்தானா? இல்ல, இந்தக் குளிர்காலம் முழுக்க நீ இருமினதெல்லாம்…"

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை. கல்மன் கண்ணை இறக்கி அப்பாவைப் பார்த்தார். மிட்டாயை விழுங்கிவிட்டு, சின்னப் பையன் குரலில் கேட்டார்.

"அப்பா, பொய் சொல்லக் கூடாதுன்னு எங்கேயோ எழுதியிருக்குல்ல?"

இந்த முறை யூடல், எங்கே எழுதியிருக்கிறது என்று அத்தியாயம் சொல்லவில்லை, விளக்கம் சொல்லவில்லை. வரியைச் சுட்டி வாசிக்கிற வெள்ளிக் கோலைச் சுருளின் மேல் வைத்தார். அவர் மேடையை விட்டு இறங்கிவிடப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

அவர் இறங்கவில்லை. தன் சால்வையின் ஒரு நுனியை, குஞ்சம் தொங்குகிற நுனியை, தடவிப் பிடித்தார். கல்மனின் கையை எடுத்து, அதில் அந்த நுனியை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடினார். பிறகு கோலை எடுத்துக்கொண்டு குனிந்து, "ஒவ்வொருவனும் தன் தாய்க்கும் தகப்பனுக்கும்" என்று தாயை நிறுத்தி, அழுத்தி, திரையைத் தாண்டிக் கேட்கும்படி வாசித்தார்.

நான்கு வரி தள்ளி மறுபடி ஒரு சொல் பிசகியது. கல்மன் லிப்கின் முகத்தை நிமிர்த்திக் கூரையின் விரிசல்களை எண்ணத் தொடங்கினார். கீழே, தனக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ ஒருவருடையவை போல, அவருடைய இரண்டு விரல்கள் சால்வை நுனியை மெல்ல ஒரு இழுப்பு இழுத்தன.